நேர்ந்துவிட்ட பிள்ளைகள்: ஓலை வாசித்த ஞாயிறு

காலை ஐந்தே கால். கோயிலில் முதல் மணி அடித்தது.

இராயபுரத்தில் கடலை ஒட்டிய அந்தத் தெருவில் மதலேனம்மாள் வீட்டில் மட்டும் அதற்கு முன்பே விளக்கு எரிந்தது. 1931 செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிறு. இன்றைய பூசையில் அவள் மகன் லியோனார்டின் பேரை வாசிக்கப்போகிறார்கள்.

கலியாணத்துக்கு ஓலை வாசிப்பதுபோலத்தான் இதுவும். இன்னார் மகன் இன்னான் குருப்பட்டத்துக்குப் படியேறப் போகிறான், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் கேட்பார். கலியாணம் செய்யப்போகிறவனுக்கும், கலியாணமே இல்லாமல் இருக்கப்போகிறவனுக்கும் ஒரே முறை. யாரும் வந்து தடை சொல்லி அந்தத் தெருவில் கேட்டதில்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் லியோனார்ட் பிஷப்பான மேற்றிராணியார் முன்னால் நிற்பான். அவர் லத்தீனில் சொல்வார்: இதுவரை உனக்கு விடுதலை உண்டு, திரும்பிப் போகலாம். இல்லையென்றால் முன்னே வா. அவன் ஓர் அடி முன்னால் வைக்க வேண்டும். வைத்தால் சாகும்வரை பெண் கிடையாது, பிள்ளை கிடையாது.

அந்த அடியில் இன்னொருத்தியும் சேர்ந்து போகிறாள் என்று லத்தீனில் இல்லை.

அவன் அக்கா பிலோமினா. இருபத்தாறு வயது. கட்டியவன் செத்து மூன்று வருஷம். சாமியார் வீட்டில் சமைத்துப்போட அந்நியப் பெண் கூடாது. தாய் இருக்கலாம், உடன்பிறந்தவள் இருக்கலாம். தாய்க்கு முட்டி வலி. ஆகவே பிலோமி. எந்த அடுப்பில் எந்தப் பானை என்று முடிவு செய்வதுபோல மதலேனம்மாள் இதை முடிவு செய்துவிட்டாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அருளப்பன் பிலோமியைக் கட்டிக்கொள்ளக் கேட்டதும், ஓலை வாசிக்கச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் பேர் கொடுத்ததும், மூன்று மாதமாகியும் அந்தப் பேர்கள் வாசிக்கப்படாததும் வாசகர்களுக்குத் தெரியும். ஏன் என்பது பிலோமிக்கே தெரியாது.

அவள் புழக்கடையில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. லியோனார்ட் அங்கியோடு வந்து நின்றான். காலில் செருப்பில்லை.

"அக்கா."

"இன்னாடா."

"உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்."

"பேசு. பூசைக்கி நேரமாவுது."

பதின்மூன்று வயதில் குருமடத்துக்குப் போனவன். தண்ணீர் கேட்டால்கூடப் பிரசங்கம்போல் கேட்பான். இப்போது அந்தப் பேச்சும் தடுமாறியது.

"எனக்கு அழைத்தல் இல்லை என்று தோன்றுகிறது."

"இன்னா இல்லே?"

"தேவ அழைத்தல். இந்த அந்தஸ்துக்கு நான்..."

"பட்டம் வேணாங்கிறியா?"

அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். "மெதுவாகப் பேசு."

பிலோமி குடத்தைக் கீழே வைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் அது நிற்கவில்லை.

"அம்மாவாண்ட சொன்னியா?"

"இல்லை."

"குருமடத்துப் பெரிய சாமியாண்ட?"

"இல்லை."

"பொண்ணு யார்னா கீறாளா?"

"சீச்சீ."

சீச்சீ மட்டும் அப்படியே அம்மா குரல்.

"பின்ன இன்னாடா?"

அவன் கிணற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "குருமடத்தில் என் அறை ஜன்னலுக்கு எதிரே ரயில்காரர்கள் குடியிருப்பு. அங்கே ஒருவன் தினமும் சாயங்காலம் தன் பெண்குழந்தைக்குத் தலை துவட்டிவிடுவான். அது அவன் காதைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் பார்த்தேன். பிறகு தினமும் பார்த்தேன். இப்போது ஜெபம் வரவில்லை."

பிலோமிக்கு அவனைத் தொட வேண்டும்போல் இருந்தது. அவன் தோளில் கை வைத்திருப்பாள். அதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான்.

"நீ ஓர் உதவி செய்ய வேண்டும். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போ. எனக்குத் தடை இருக்கிறது என்று சொல்."

"இன்னா தடை?"

"நான் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று."

"எந்தப் பொண்ணு? இப்பதானே சீச்சீன்னே?"

"யாராவது. எர்ணாவூர்ப் பக்கம் என்று சொல். அங்கே போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்?"

அவள் கை இடுப்புக்குப் போயிற்று.

"எர்ணாவூர்ல பொண்ணுங்களே இல்லியா? அதுங்களுக்கு மானம் இல்லியா?"

"பேர் சொல்ல வேண்டாமே."

"பேர் சொல்லாட்டி அந்த ஊர்ல கீற அத்தினி பேர் மேலயும் சேறு. நீயே போயி வேணாம்னு சொல்லிட்டா இன்னா?"

"நான் சொன்னால் அம்மா உயிரை விட்டுவிடுவாள்."

"நான் சொன்னா?"

"உன்மேல் கோபப்படுவாள். திட்டுவாள். ஆனால் உன்மேல் அவளுக்கு..." நிறுத்தினான்.

"சொல்லு."

"உன்மேல் அவளுக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லையே, அக்கா."

பிலோமி சிரித்துவிட்டாள்.

"ஸோக்கா கீதுடா. ஏறிப் போக உன் காலு. இறங்கி வர என் வாயா?"

"இது உனக்கும் நல்லதுதான். யோசித்துப் பார். நான் போகாவிட்டால் நீ என்னோடு வந்து சமைக்க வேண்டியதில்லை. அருளப்பனைக் கட்டிக்கொள்ளலாம்."

அவள் சிரிப்பு நின்றது.

"அப்போ உனுக்குத் தெரியும்."

"எது?"

"எனுக்கு அங்க வர இஷ்டமில்லேன்னு. இத்தினி நாளும் தெரியும். இன்னிக்கி உனுக்கு வேலை ஆவணும், அதான் வெளிய எடுக்கறே."

 உள்ளே காலடிச் சத்தம் கேட்டது.

மதலேனம்மாள் புதுச் சேலையில் வந்தாள். மீன் ஏலத்தில் பத்து ஆம்பிளைகளைக் கத்தியே ஓட்டுகிறவள். மகன் அங்கி போட்ட நாளிலிருந்து அவனோடு மட்டும் தணிந்த குரல், மரியாதை வார்த்தை.

"இன்னா சாமி, ஈரத்துல வெறுங்காலோட நிக்கிறீங்க? உள்ள வாங்க." பிறகு குரல் தன் இடத்துக்குத் திரும்பியது. "ஏய், சாமியை டா போட்டியா? காதுல வுழுந்துச்சு. பீடம் ஏறப்போறவரு, தெரிஞ்சுக்கோ."

"ஏறட்டும், அப்புறம் கூப்புடறேன்" என்றாள் பிலோமி.

"ஒண்ணுமில்லை அம்மா" என்றான் லியோனார்ட்.

அவனுக்கு நன்றாக வரும் வாக்கியம் அது ஒன்றுதான்.

* * *

கோயிலுக்கு நடந்தார்கள். மதலேனம்மாள் தெருவின் நடுவில் நடந்தாள்.

மற்றவர்கள் ஆட்டை நேர்ந்துவிடுவார்கள். அவள் மகனை நேர்ந்துவிட்டாள். லியோனார்டுக்கு நாலு வயதாயிருக்கையில் புயலில் அவன் அப்பன் போன கட்டுமரம் திரும்பவில்லை. அவர் கரை வந்தால் பிள்ளை உனக்கு என்று மாதாவிடம் சொன்னாள். மறுநாள் அவர் திருவொற்றியூர்க் கரையில் ஏறினார். அதற்கப்புறம் எட்டு வருஷம் கள்ளுக்கடையில் உட்கார்ந்து, கட்டிலில் செத்தார். பேரம் பேசியவள் தாய். லாபம் அப்பனுக்கு. கொடுத்துத் தீர்க்கிறவன் பிள்ளை.

அவள் வாங்கப்போவதும் உண்டு. பட்டத்தன்று எண்ணெய் பூசிய கைகளைச் சேர்த்துக் கட்டுகிற துணியைச் சாமியாரின் தாய்க்குக் கொடுப்பார்கள். அவள் செத்தால் கையில் வைத்துப் புதைப்பார்கள். மோட்ச வாசலில் அதைக் காட்டினால் போதும் என்று தெருவில் பேச்சு. மதலேனம்மாளுக்கு வரிசையில் நிற்பது எங்கேயும் பிடிக்காது.

பெண்கள் இரண்டு பக்கமும் வாசலுக்கு வந்தார்கள். "தோத்திரம் சின்னச் சாமி" என்றார்கள். லியோனார்ட் தலையை ஆட்டிக்கொண்டே போனான். பின்னால் வந்த பிலோமியைப் பார்த்ததும் கடலுக்குக் கிளம்பிய படகுக்காரர் ஒருவர் தயங்கி, மீண்டும் தம் வீட்டுக்குள் போய்விட்டார். அவர் கழுத்திலும் சிலுவைதான். ஆனாலும் தாலியறுத்தவள் எதிரே வந்தால் வலை நிறையாது. மதலேனம்மாளும் தாலியறுத்தவள்தான், சாமியைப் பெற்றவள் என்பதால் அது கணக்கில் இல்லை.

கோயில் வாசலில் அருளப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். முப்பது வயது. எண்ணெய்க் கறை போகாத கை. தாயும் மகனும் உள்ளே போகும்வரை பொறுத்தான்.

"இன்னா பிலோமி. இன்னிக்காவது வாசிப்பாரா?"

"தெரிலே."

"மூணு மாசம் ஆச்சு. சாமியாண்ட கேட்டா 'பொறு அப்பா'ன்றாரு. உங்கம்மாவாண்ட கேட்டா செதில் சீவற கத்தியாட்டம் பாக்குது. நான் மனுசன்தானே?"

"யாரு இல்லேன்னா?"

"விசாகப்பட்டணத்துல புதுசா துறைமுகம் கட்டறாங்க. கிரேனுக்கு ஆள் வேணும்னு கூப்புட்டுகீறாங்க. மாசக் கடைசில கிளம்பணும். வூடு தர்றாங்க. நீ வரியா, வரலியா?"

"ஓலை வாசிக்காம, தாலி கட்டாம எப்டி வர்றது?"

"அதான் கேக்கறேன். உனுக்கு இஷ்டமில்லேன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. சாமியார் பின்னால ஒளிஞ்சுகினு நிக்காதே."

அது சுட்டது.

"நான் அவனை மாதிரி இல்லே."

"எவனை மாதிரி?"

"ஒண்ணுமில்லே. பூசை முடிஞ்சதும் நானே போயி சாமியைக் கேக்கறேன்."

"நானும் வரட்டா?"

"வேணாம். எனுக்கு வாய் கீது. நீ இங்கயே நில்லு."

"நிக்கறேன். இத்தினி நாளும் அதானே செஞ்சுகினு கீறேன்" என்றான்.

* * *

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மதலேனம்மாள் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தாள். அந்த வரிசையில் நாற்காலி ஒன்றும் உண்டு. அது பக்கத்துத் தெருவிலிருந்து சாமியாராய்ப் போன ஒருவரின் தாய்க்கு. மதலேனம்மாள் பூசை முழுவதும் பீடத்தைப் பார்த்ததைவிட அந்த நாற்காலிக் காலைப் பார்த்தது அதிகம்.

லியோனார்ட் வெள்ளை மேலங்கி போட்டுப் பூசைக்கு உதவினான். திராட்சை ரசக் குப்பியைத் தட்டில் மோதிவிட்டான்.

பிரசங்கம் விதைத்தவன் உவமை. நல்ல நிலத்தில் விழுந்த விதை முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தந்தது. சாமியார் அதற்குப் பழைய விளக்கம் சொன்னார். முப்பது, கலியாணமானவர்களுக்கு. அறுபது, கற்போடு இருக்கும் கைம்பெண்களுக்கு. நூறு, கன்னிமை காத்தவர்களுக்கு.

பிலோமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரகதம் ஆறு பிள்ளை பெற்றவள். முழங்கையால் இடித்தாள்.

"பார்டி, நம்ம வெலை முப்பதுதானாம். உனுக்கு டபுளு."

"நீ வோணா எடுத்துக்கோ."

"ஐயே, என் வூட்டுக்காரரு வுடமாட்டாரு" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள் மரகதம். "சாமியாரு அக்காவே, நாளைக்கி எங்களையெல்லாம் கண்டுப்பியா?"

பிலோமி அறுபது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். காலையில் அவளைக் கண்டு வீட்டுக்குள் ஓடிய படகுக்காரரும் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வந்து இதே பிரசங்கத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த அறுபது எங்கே தெரியப்போகிறது? நூறைச் சொன்னவருக்காவது தெரியுமா? ஒருவன் விரும்பித் துறந்தால் அது புண்ணியம். ஒருத்தியிடமிருந்து பிடுங்கினால் அதுவும் அவள் கணக்கில் புண்ணியம். கொடுத்தவளைக் கேட்காமல் காணிக்கை எழுதுகிற கோயில்.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"காலஞ்சென்ற சூசைநாதன், மதலேனம்மாள் இவர்கள் குமாரன் லியோனார்ட், குருப்பட்டத்துக்கு உரிய படிகளில் ஏறப் போகிறான். இவனுக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் மனச்சாட்சிப்படி வந்து தெரிவிக்கக் கடவர்கள்."

யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது. மதலேனம்மாளின் முதுகு நிமிர்ந்தது.

லியோனார்ட் தலையைத் திருப்பிப் பெண்கள் பக்கம் பார்த்தான். தேடினான். கண்டுபிடித்தான்.

பிலோமி அந்தப் பார்வையை வாங்கவில்லை. சரவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் அடுத்த ஓலையை எடுத்தார். வண்ணாரப்பேட்டையில் ஒருவனுக்கும் தண்டையார்பேட்டையில் ஒருத்திக்கும் கலியாணம். அதற்கடுத்து இன்னொன்று. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அருளப்பன் பேர் இல்லை. அவள் பேர் இல்லை.

* * *

பூசை உடுப்பு மாற்றும் சக்கிரீஸ்து அறை பீடத்துக்குப் பின்னால். பிலோமி கதவருகே வந்தபோது தாயும் தம்பியும் உள்ளே நின்றிருந்தார்கள். பங்குச் சாமியார் உடுப்பை மடித்து வைத்துவிட்டு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். கெட்டவர் இல்லை. ஒரு வேலையை முறைப்படி முடித்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்.

"தோத்திரம் சாமி."

"ஆசீர்வாதம். வா."

"நீ இன்னாத்துக்கு இங்க வந்தே?" என்றாள் மதலேனம்மாள்.

லியோனார்ட் நிமிர்ந்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்குப் பின்னால் நம்பிக்கையும் தெரிந்தது. அக்கா சொல்லிவிடப் போகிறாள், நாம் தலையைக் குனிந்து நின்றால் போதும் என்கிற நம்பிக்கை. பிலோமி அதைப் பார்த்துவிட்டுச் சாமியார் பக்கம் திரும்பினாள்.

சாமியார் சிரித்தார். "என்ன, தம்பிக்குத் தடை சொல்ல வந்தாயா?"

"இல்லே சாமி. அவன் வழக்கு அவனோட. என் ஓலை இன்னாச்சுன்னு கேக்க வந்தேன்."

லியோனார்டின் முகம் விழுந்தது.

சாமியார் சிரிப்பை நிறுத்தி மதலேனம்மாளைப் பார்த்தார். "நீங்கள் இவளிடம் பேசுகிறேன் என்றீர்களே?"

"பேசினேன் சாமி. மனசு அலைபாயுது இவளுக்கு. சின்ன வயசு. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க."

"எந்த மனசு?" என்றாள் பிலோமி. "இன்னா பேசினே என்னாண்ட?"

"மகளே, இப்படி உட்கார்" என்றார் சாமியார்.

அவள் உட்காரவில்லை.

"உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. சோதனை வரும். ஆனால் நேர்ச்சை நேர்ச்சைதான். அதை நான் அவிழ்க்க முடியாது. மேற்றிராணியாராலும் முடியாது. ரோமாபுரியிலிருந்து உத்தரவு வர வேண்டும். எழுதினால் ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. வராமலும் போகலாம்."

"எந்த நேர்ச்சை சாமி?"

"வேளாங்கண்ணியில் நீ செய்தது. புருஷன் போனபின் இனிக் கலியாணம் இல்லை, சாகும்வரை கற்போடு இருக்கிறேன் என்று மாதா முன்னால் வாக்குக் கொடுத்தாயே. தலைமுடி கொடுத்து."

அறையில் மெழுகும் பொடியும் மணத்தன. 

முடி கொடுத்தது உண்மை. அவள் புருஷன் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் மாதாவுக்கு முடி என்று சொன்னான். எழவில்லை. பிழைக்காதவன் நேர்ச்சையைத் தீர்க்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பிலோமிக்கு மனசு கேட்கவில்லை. அவன் சொன்னது அந்தரத்தில் நிற்கக் கூடாது என்று தன் தலையைக் கொடுத்தாள். தாயும் விடுமுறையில் இருந்த லியோனார்டும் கூடப் போனார்கள். மழித்த தலையோடு சுடுமணலில் அவள் நிற்க, அவன்தான் குடை பிடித்தான். கோயிலுக்குள் அவள் சொன்னது ஒரே வாக்கியம். வாய்விட்டுச் சொன்னாள். இது அவர் பேரில், எடுத்துக்கோ.

அவ்வளவுதான்.

மொட்டைத் தலையோடு திரும்பி வந்தவளை இந்தச் சாமியார் பார்த்திருந்தார். மூன்று வருஷம் கழித்துத் தாய் வந்து சொன்னபோது, அந்தத் தலையும் இந்தச் சொல்லும் அவருக்குப் பொருந்திப் போயின.

"அம்மா" என்றாள் பிலோமி. "நான் அப்டியா சொன்னேன்?"

"சொன்னே."

"எப்போ?"

"அங்கதான். சந்நிதில. பின்ன எதுக்கு மொட்டை? கன்னியாஸ்திரிங்க எதுக்கு முடி எடுக்கறாங்க? சும்மா காத்து வாங்கவா?"

"வாயால சொன்னேனா?"

"சொன்னே. நானும் கேட்டேன். சாமியும் கேட்டாரு." மகன் பக்கம் கையைக் காட்டினாள். கை ஆடவில்லை. ஏலத்தில் விலையை முடிக்கிற கை.

"தாய் சொன்னதை மட்டும் வைத்து நான் நிறுத்தவில்லை, மகளே" என்றார் சாமியார். "இன்னொரு சாட்சி வேண்டும் என்று இவன் வரும்வரை காத்திருந்தேன். இவன் வந்த மறுநாள் இதே இடத்தில் கேட்டேன். தலையாட்டினான். பீடத்தில் நிற்கப்போகிறவன். அதற்குமேல் நான் யாரைக் கேட்பது?"

"என்னைக் கேட்டிருக்கலாம் சாமி."

பொடியை எடுத்த அவர் விரல் மூக்குக்குப் போகாமல் நின்றது.

"நீ சஞ்சலத்தில் இருக்கிறாய், கேட்டால் இன்னும் கலங்குவாய் என்று உன் தாய்..." அவர் முடிக்கவில்லை. டப்பாவை மூடினார்.

"நேர்ந்துவுட்ட புள்ளைங்க இப்டித்தான் சாமி" என்றாள் மதலேனம்மாள். "கயிறு இழுக்கும்போது முரண்டு பண்ணும். அப்புறம் சரியாப்பூடும்."

"நேர்ந்துவுட்டது நீ. நான் ஒண்ணும் நேரலே."

"சாமி முன்னால வாயாடாதே. குருவோட குடும்பம் நாம. உனுக்கு அந்தக் கிரேன்காரன் கேக்குதா? வயசு இருவத்தாறு, வெக்கமா இல்லே?"

"இல்லேம்மா" என்றாள் பிலோமி. "கொஞ்சம்கூட இல்லே. உனுக்குத்தான் இருக்கணும்."

மதலேனம்மாள் கையை ஓங்கினாள். சாமியார் நடுவில் வந்தார்.

"போதும். இது கோயில்." அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. பிறகு லியோனார்டைப் பார்த்தார்.  "அன்றைக்கு நீ தலையாட்டினாய். வாய் திறந்து சொல்லவில்லை. என் தப்பு. நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்."

லியோனார்ட் சுவரோடு நின்றான். அங்கியின் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான்.

கணக்கு பிலோமிக்குத் தெரிந்தது. அவன் ஆம் என்று சொன்னால் ரோமாபுரிக்கு எழுத வேண்டியதுதான். அருளப்பன் மாசக் கடைசியில் தனியாக ரயிலேறுவான். பிலோமி ஏதோ ஒரு பங்கில், ஏதோ ஓர் அடுப்படியில் கிழவியாவாள். அவன் இல்லை என்று சொன்னால் மதலேனம்மாள் குருவிடம் பொய் சொன்னவள். அவனும் சொன்னவன். பொய்ச்சாட்சி சொன்னவனை மேற்றிராணியார் முன்னே வா என்று கூப்பிடமாட்டார். அவன் காலையில் கேட்டது அதுதான். ஆனால் அவன் கேட்டது பிறர் வாயால் வேண்டும் என்று.

பிலோமிக்கு அவன் ரகசியத்தை அங்கேயே போட்டு உடைக்க முடியும். ஒரு வார்த்தை போதும். அவள் உடைக்கவில்லை. இரக்கத்தினால் இல்லை. அந்த வேலையைக்கூட அவனுக்காகச் செய்ய அவளுக்கு மனசில்லை.

"அம்மாவைப் பாக்காதே" என்றாள் அவனிடம். "சாமியையும் பாக்காதே. இங்க பாரு."

"வேண்டாம் அக்கா."

"இன்னா வேண்டாம்?"

"இங்கே வேண்டாம். வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்." குருமடத்துப் பேச்சு போய்விட்டது. நாலு வயதுப் பிள்ளையின் குரல்.

"சின்னச் சாமி ஒண்ணும் பேச வேண்டியதில்லே" என்றாள் மதலேனம்மாள். "அதான் தலையாட்டியாச்சே. வாங்க சாமி, போலாம்."

அவள் மகனின் கையைப் பிடித்தாள். அவன் கை அவளோடு போயிற்று. கால் போகவில்லை.

"விடுங்கள் அம்மா" என்றார் சாமியார். "அவன் சொல்லட்டும்."

ஜன்னல் வழியே கோயில் வாசல் தெரிந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. அருளப்பன் மட்டும் சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் நின்றிருந்தான். பிலோமி அவனைப் பார்த்தாள். திரும்பித் தம்பிக்கு நேர் எதிரே வந்து நின்றாள். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது.

"குடை பிடிச்சுகினு என் பக்கத்துலதானே நின்னே. சொல்லுடா, மாதாவாண்ட நான் இன்னா சொன்னேன்?"